'ஏசினார்' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

வணக்கம் ஐயா,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் எடை போடும் இடத்தில் மேற்பார்வையாளர் அம்மாவின் கொழுந்தைக் கீழே கொட்டி, முற்றிய இலையைக் கலந்ததாகச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் கேவலமாக ஏசிவிட்டார். அம்மா கலக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு நானே ஆங்கிலத்தில் புகார் எழுதினேன். அகராதியைப் பார்த்து, "இலை கலந்ததற்காக அம்மாவை ஸ்கோல்டு செய்தார்" என்று எழுதினேன். 'தவறுகளைத் திருத்தும்போது கனிவாகப் பேசும்படி அவருக்கு அறிவுறுத்தியிருக்கிறோம்' என்று பதில் வந்தது. அம்மா தவறு செய்ததாக நான் எங்கே எழுதினேன்? மறுபடி எழுதப்போகிறேன். எந்தச் சொல்லைப் போடுவது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அப்படிப் பதில் எழுத உங்கள் வாக்கியம் இடம் கொடுத்துவிட்டது. அம்மா தவறு செய்ததாக நீங்கள் நினைக்கவில்லை. உங்கள் ஆங்கிலம் அப்படிச் சொல்லிவிட்டது.

நீங்கள் 'ஏசினார்' என்று எழுதுகிறீர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களில் இந்தச் சொல்லை நிறையக் கேட்டிருக்கிறேன். கோவைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் 'வைதார்' என்பார்கள். மற்றவர்களுக்குத் 'திட்டினார்'. இந்த மூன்றிலும் ஏச்சு வாங்கியவர் தவறு செய்தவர் என்ற பொருள் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவன் வழியில் போகிறவரைத் திட்டலாம். திட்டு வாங்கியவர் ஒரு பாவமும் அறியாதவராக இருக்கலாம். ஆனால் 'கடிந்துகொண்டார்', 'கண்டித்தார்' என்றால் கதை வேறு. அங்கே ஒரு தவறு நடந்திருக்கிறது, கண்டிப்பவருக்கு அந்த உரிமையும் இருக்கிறது.

ஆங்கில 'ஸ்கோல்டு' இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. பாலைக் கொட்டிய பிள்ளையைத் தாய் ஸ்கோல்டு செய்வாள். நம் அலுவலகங்களில் மேலாளர் ஸ்கோல்டு செய்தார் என்று தாராளமாக எழுதுகிறோம். வேறு நாட்டு ஆங்கிலக் காதுக்கு அது பெரியவர்களைப் பள்ளிப் பிள்ளைகளாக்கும் பேச்சு. அந்தச் சொல்லின் பழைய வரலாறும் நல்லதில்லை. முதலில் அது வாயாடிப் பெண்ணைக் குறித்த பெயர்ச்சொல். அக்கம்பக்கத்தாரோடு ஓயாமல் சண்டையிடும் பெண் என்பதே இங்கிலாந்தில் ஒரு குற்றமாக இருந்தது. பெண்ணை நாற்காலியில் கட்டி நீரில் முக்குவது அதற்கான தண்டனைகளில் ஒன்று. அந்தக் குற்றத்தை 1967இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கினார்கள்.

எங்கள் அகராதிகள்மேல் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு. ஸ்கோல்டு, ரிப்யூக், ரெப்ரிமாண்ட், அட்மானிஷ் எல்லாவற்றுக்கும் 'கடிந்துகொள், கண்டி, திட்டு' என்று ஒரே வரியை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். யார் யாரை, எந்த இடத்தில் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் உங்கள் புகார் இப்படி ஆகியிருக்காது.

இனி உங்களுக்குத் தேவையான விஷயத்துக்கு வருகிறேன். சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர், 1971இல் வெளிவந்த ஒரு தொகுப்பில் உள்ள கட்டுரையில், 'அக்யூஸ்', 'கிரிட்டிசைஸ்' என்ற இரண்டு வினைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒருவரை நான் கிரிட்டிசைஸ் செய்கிறேன் என்றால், அந்தக் காரியத்தை அவர்தான் செய்தார் என்பது பேச்சுக்கு முன்பே முடிந்துபோன விஷயம். அது கெட்ட காரியம் என்பதை மட்டுமே நான் சொல்கிறேன். அக்யூஸ் செய்கிறேன் என்றால் நேர் மாறு. காரியம் கெட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செய்தவர் இவர் என்பது என் கூற்று. அது பொய்யாகவும் இருக்கலாம்.

முற்றிய இலையைக் கலப்பது தவறு என்பதை அம்மாவும் மறுக்கமாட்டார். கலந்தது அவர்தானா என்பதே வழக்கு. ஆகவே உங்கள் வினை 'அக்யூஸ்'. அதன் பின்னால் 'ஆஃப்' வரும். ஸ்கோல்டு, கிரிட்டிசைஸ், பிளேம், ரெப்ரிமாண்ட் ஆகியவற்றின் பின்னால் காரணத்தைச் சொல்ல வரும் 'ஃபார்', நடந்ததாக ஒப்புக்கொண்ட செயலைத்தான் பெரும்பாலும் சுட்டும். எனக்கு நீங்கள் எழுதிய தமிழில் 'கலந்ததாகச் சொல்லி' என்று இருக்கிறது. அந்தச் 'சொல்லி' அம்மாவைக் காப்பாற்றியது. ஆங்கிலத்துக்குப் போனபோது அது விழுந்துவிட்டது; 'கலந்ததற்காக' மட்டும் மிஞ்சியது.

ஏச்சுக்கு 'அப்யூஸ்' என்ற சொல் உண்டு. அதைத் தனியாகப் போடாதீர்கள்; கை நீட்டியதாகவோ அதைவிட மோசமாகவோ புரிந்துகொள்ளக்கூடும். 'வெர்பலி அப்யூஸ்டு' என்றோ, 'ஷௌட்டட் அப்யூஸ் அட் ஹர்' என்றோ எழுதுங்கள். அந்த 'அட்'டை விட்டுவிடாதீர்கள். மூடுபனியில் எதிர்ச் சரிவில் நிற்பவரைக் கூவி அழைத்தால் அது 'ஷௌட் டு'. ஆளின் முகத்துக்கு நேரே கத்தினால் 'ஷௌட் அட்'. 'சத்தம் போட்டார்' என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது. மேலாளரிடம் வசவு வாங்கியதை 'ஃபயர்' என்று சொல்லும் பழக்கமும் நம்மிடையே உண்டு. வெளியூர்க் கடிதத்தில் அதை எழுதினால் வேலையே போய்விட்டது என்று படிப்பார்கள்.

என்ன கேட்பது என்பதையும் வினைச்சொல்லாலேயே கேளுங்கள். அவர்கள் மேற்பார்வையாளருக்குச் செய்தது 'அட்வைஸ்'. நீங்கள் கேட்க வேண்டியது 'ரெப்ரிமாண்ட்': மேலதிகாரி பதவியின் பேரில் முறைப்படி கண்டிப்பது. எழுத்தில் கொடுங்கள் என்று சேர்த்துக் கேட்டால் கோப்பில் நிற்கும். அரசுப் பணியில் இருந்தால் இதற்குச் சமமானது 'சென்ஷர்'; தமிழில் அதைக் 'கண்டனம்' என்கிறோம், நாளேட்டில் கட்சித் தலைவர்கள் தெரிவிக்கும் கண்டனம் அல்ல, பணிப்பதிவேட்டில் ஏறும் தண்டனை.

கடைசியாக ஒன்று. ஏசிய சொற்களை அப்படியே தமிழில், நாளும் நேரமும் குறித்து, அருகில் நின்றவர்கள் யார் என்பதோடு தனித்தாளில் எழுதி இணையுங்கள். அந்தச் சொற்களை எழுதக் கூசும், எனக்கும் கூசும். இருந்தாலும் எழுதுங்கள். எந்த ஆங்கில வினையைப் போட்டாலும் 'அப்படியெல்லாம் இல்லை' என்று அவர்கள் சொல்ல முடியும். அந்தத் தாளைப் படித்த பிறகு அப்படிச் சொல்வது கடினம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டி, 'நான் சொன்னது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து வாங்குங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் அன்றே பார்த்துத் தருகிறேன்.