கடவுளை ஓட்டுக்கு விட்ட நாள்

கேள்வி: குடியரசு நாளுக்கு எங்கள் ஊர் நூலகத்தில் பட்டிமன்றம். 'நாட்டின் அடித்தளத்தில் மதத்துக்கு இடமில்லை' என்று நான் பேச வேண்டும். 'மதச்சார்பற்ற' என்ற சொல்லே 1976இல்தானே வந்தது என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது? – தக்கலை வாசகர்

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள். 1976இன் 42ஆவது திருத்தம் வரை அரசமைப்பின் முகவுரையில் அந்தச் சொல் கிடையாது. 1948இலேயே கே.டி. ஷா அதை அரசமைப்பில் சேர்க்கக் கேட்டார், அதை எழுதிக்கொண்டிருந்த அரசமைப்பு நிர்ணய சபை ஏற்கவில்லை. சொல்லைப் பிடித்துத் தொங்கினால் தோற்பீர்கள்.

உங்களுக்குக் கைகொடுப்பது 1949 அக்டோபர் 17. அந்தச் சபையில் முகவுரை விவாதத்துக்கு வந்த நாள். அது 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்றார் எச்.வி. காமத். 'தேவியின் பெயரால்' என்று வைக்கலாமே என்றார் அசாமின் ரோகிணி குமார் சௌத்ரி. கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68.

எதிர்த்தவர்கள் எல்லாம் நாத்திகர்கள் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். இத்தனை புனிதமான விஷயம் விவாதப்பொருள் ஆனதே சபை உறுப்பினர் எச்.என். குன்ஸ்ருவுக்கு வருத்தம். நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் என்று எழுதிவிட்டு, முதல் வரியிலேயே ஒரு நம்பிக்கையை எல்லோர் மேலும் சுமத்துவது முரண் என்றார். திருவிதாங்கூரின் பட்டம் தாணுபிள்ளையும் கேட்டார்: இது கட்டாயப்படுத்துவது ஆகாதா? நம்பவும் நம்பாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டே?

மதத்தையே அஸ்திவாரமாக வைத்த அரசுக்கு உதாரணம் தேடி நீங்கள் வெளியூர் போக வேண்டாம். பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்தார். பின்வந்த மன்னர்கள் 'பத்மநாபதாசர்' என்ற பெயரில்தான் ஆண்டார்கள். நாடே சாமிக்குச் சொந்தம். ஆனால் நாடார், ஈழவர், புலையர் எனக் குடிகளில் எத்தனையோ பேர் அந்தச் சாமியின் வாசலைத் தாண்ட 1936 நவம்பர் 12 வரை காத்திருந்தார்கள். சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேசுங்கள்.

அப்புறம், ஒரு கண்ணி இருக்கிறது. விவரமானவர் எதிரணியில் இருந்தால் அரசமைப்பின் 290ஏ பிரிவை எடுப்பார். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து 1956 நவம்பர் 1இல் வந்த பகுதியின், அதாவது நம் கன்னியாகுமரிப் பகுதியின், கோயில்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்கிறது அது. மதமில்லாத அரசு கோயிலுக்கு ஏன் பணம் தருகிறது? என் பதில்: அதைத் தானமாகப் பார்க்காதீர்கள், பழைய கடன். ஆங்கிலேயரான கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. அதன் தொடர்ச்சிதான் இது. பதவிப் பிரமாணத்தில்கூட 'ஆண்டவன் பெயரால்', 'உளமார' இரண்டுக்கும் இடம் உண்டு. ஆகவே 'மதத்துக்கு இடமில்லை' என்பதை 'மதத்தில் கட்டாயத்துக்கு இடமில்லை' என்று கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். நடுவர் அனுமதிப்பார்.

பட்டம் தாணுபிள்ளை பெயரை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நம் பகுதியைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11இல் நடந்த துப்பாக்கிச்சூடு, அவர் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்தபோது நடந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். முதலில் அவர் வாதத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு, பிறகு பெயரைச் சொல்லுங்கள்.