ஒரே ஆக்டிவ் டைரக்டரியில் மூன்று மின்னஞ்சல் டொமைன்களை நிர்வகிக்க முடியுமா?

ஒரே குழுமத்தின் மூன்று நிறுவனங்களுக்கு மூன்று மின்னஞ்சல் டொமைன்கள் இருப்பதால், பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியிலும் மூன்று டொமைன்கள் அமைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரும், பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் இருக்கும் டைரக்டரிப் பிரிவும் 'டொமைன்' என்ற ஒரே சொல்லால் வழங்குவதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஒன்றின் எண்ணிக்கை மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதில்லை.

இதே அமைப்பைச் சில ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் அஞ்சல் சர்வரில் மூன்று பெயர்களையும் 'அக்செப்டட் டொமைன்' (அது அஞ்சலை ஏற்கும் டொமைன்) ஆகச் சேர்த்துவிட்டு, பயனர் கணக்கின் 'கம்பெனி' புலத்தில் உள்ள பெயரைப் பார்த்து முகவரி வழங்கும்படி நிறுவனத்துக்கு ஒன்றாக மூன்று முகவரிக் கொள்கைகளை எழுதினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தப் புலத்தை ஒழுங்காக நிரப்புவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய முதன்மை முகவரியைக் கையால் மாற்றுவோம். கொள்கைப்படி தானாகப் புதுப்பிக்கும் தெரிவை நீக்க மறந்திருப்போம். பிறகு யாராவது கொள்கையை இயக்கியதும் அது பழையபடி திரும்பியிருக்கும்.

உள்நுழைவுப் பெயருக்கு, 'டொமைன்ஸ் அண்ட் டிரஸ்ட்ஸ்' கருவியில் மூன்று யுபிஎன் (மின்னஞ்சல் முகவரி வடிவிலான உள்நுழைவுப் பெயர்) பின்னொட்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது இரண்டு நிறுவனங்களில் இரண்டு செந்தில்கள் இருந்தாலும், ஒவ்வொருவரும் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே கணினியில் நுழையலாம். 20 எழுத்துக்குள் அடங்க வேண்டிய பழைய பாணி உள்நுழைவுப் பெயர் மட்டும் இருவருக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும்.

உண்மையான தலைவலி, மூன்று நிறுவனங்களுக்கும் பொதுவாக வேலை செய்கிறவர்களிடமிருந்து வரும். கணக்குப் பிரிவு மேலாளரின் ஒரே அஞ்சல் பெட்டிக்கு மூன்று முகவரிகளையும் கொடுத்தால் மூன்றுக்கும் வரும் கடிதங்கள் அதில் வந்து சேரும். அவர் அனுப்பும் பதில் மட்டும் முதன்மை முகவரியிலிருந்துதான் செல்லும், இரண்டாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் முதல் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத் திகைப்பார். சொந்த சர்வரில் இதற்கு எனக்குப் பலன் தந்த வழி, மற்ற இரு முகவரிகளுக்கும் தனித்தனிப் பகிர்வு அஞ்சல் பெட்டிகளை உருவாக்கி, அவருக்கு 'செண்ட் ஆஸ்' (அந்த முகவரியின் பெயரிலேயே அனுப்பும்) அனுமதி கொடுப்பது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்றால், துணை முகவரியிலிருந்தே அனுப்பும் வசதியை நிர்வாகி இயக்கலாம்.

இணையப் பெயர்களின் விவரங்களைத் தரும் டிஎன்எஸ்ஸில், அஞ்சல் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும், போலி அஞ்சலைத் தடுக்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளையும் ஒவ்வொரு டொமைனுக்கும் தனியாக எழுத வேண்டும். ஓர் எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் சோதனை பிழையில் முடியும் என்பதை நினைவில் வையுங்கள். ஆட்டோடிஸ்கவருக்காக (அவுட்லுக் தன் அமைப்புகளைத் தானே கண்டறியும் வசதி) மூன்று பெயர்களையும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழில் சேர்ப்பதற்குப் பதில், எஸ்ஆர்வி (ஒரு சேவை எந்தச் சர்வரில் உள்ளது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவு) மூலம் ஒரே சர்வரைச் சுட்டலாம். அவுட்லுக் ஒருமுறை அனுமதி கேட்கும், அவ்வளவுதான்.

தனி அமைப்பு தேவைப்படும் ஒரு சூழல் உண்டு. ஒரு நிறுவனத்தின் நிர்வாகிகள் மற்றொன்றின் தரவை எந்த வழியிலும் தொடக்கூடாது என்றால், அல்லது ஒரு நிறுவனத்தை விற்கும் பேச்சு நடக்கிறது என்றால், தனி டொமைன் போதாது, தனி ஃபாரஸ்டே (ஒன்று அல்லது பல டொமைன்களை உள்ளடக்கிய ஆக்டிவ் டைரக்டரியின் மேல்மட்ட அமைப்பு) வேண்டும். ஏனெனில் ஆக்டிவ் டைரக்டரியில் பாதுகாப்பு எல்லை என்பது ஃபாரஸ்ட்தான். ஒரு ஃபாரஸ்டில் ஓர் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு மட்டுமே இருக்க முடியும் என்பதால், அப்போது அஞ்சல் சர்வரையும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.