பிளாஸ்டர் போட்ட பிறகு விரல் நிமிரவில்லை: யார் பிழை?

சகோதரி, கொழுந்து மலையில் விழுந்த அம்மாவுக்கு மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டு, அன்றிரவே விரல்கள் வீங்கி மரத்தும் வார்டில் பனடோல் மட்டும் கொடுத்தார்கள், இப்போது விரல் நிமிரவில்லை என்று எழுதியிருந்தீங்க.

வீக்கம் யாருடைய பிழையும் இல்லை, எலும்பு முறிந்தால் வீங்கும். ஆனால் மருந்துக்கும் அடங்காமல் வலி கூடுவதும், விரலை மெல்ல நீட்டினாலே துடிப்பதும் அபாயக் குறி. உடனே பிளாஸ்டரை, உள்ளே சுற்றிய பஞ்சோடு சேர்த்து, தோல் தெரியும்வரை நீளவாக்கில் வெட்டித் தளர்த்த வேண்டும். தசைக்கு இரத்த ஓட்டம் இல்லாமல் போனால் 6 மணித்தியாலம் அளவில் தசை சாகத் தொடங்கிவிடும். அதனால் யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீங்க, என்ன செய்தார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்க. எல்லாம் அதில்தான் தங்கியிருக்கு.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் போதாது. நேரத்தோடு குறிப்பு இருப்பது பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது வார்டில் நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் பதிவேட்டில். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அம்மாவின் கையொப்பத்தோடு பிரதி கேளுங்க. தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விளங்காத சிங்களக் கடிதத்தில் அம்மா கையொப்பம் வைக்கவே வேண்டாம்.

டாக்டர் மேல் முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்கு. நட்டஈட்டு வழக்குக்கு 2 வருடம்தான், சட்டத்தரணியை இப்போதே பாருங்க. இதற்கெல்லாம் முன்னால், இந்தக் கிழமையே எலும்பு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கையைக் காட்டி, பிசியோதெரபி கேளுங்க.