தஹீட்டிக்கு நேர்கோடு போடாதீர்கள்

கேள்வி: பாய்மரப் படகில் பழக்கமுள்ள பன்னிரண்டு பேர் சேர்ந்து, பொலினீசிய மரபுப்படி கட்டிய இரட்டைத் தோணியில் ஹவாயின் ஹீலோவிலிருந்து தென் பசிபிக்கிலுள்ள தஹீட்டித் தீவுக்குப் போக இருக்கிறோம். திசைகாட்டியோ ஜிபிஎஸ்ஸோ பார்க்கப் போவதில்லை. வரைபடத்தில் கோடு போட்டால் சுமார் 4,200 கிலோமீட்டர் வருகிறது. 25 நாளுக்கு உணவும் தண்ணீரும் போதுமா? எந்த மாதம் கிளம்பலாம்?

பதில்: போதாது. உங்கள் கணக்கைக் கெடுத்ததே அந்தக் கோடுதான். முதலில் அதை அழித்துவிடுங்கள். என்ஜின் கப்பலுக்கு அது சரி. பாய்த் தோணி காற்று விட்ட வழியில்தான் போகும்.

தஹீட்டி ஹீலோவுக்கு நேர் தெற்கே இல்லை. கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பயணத்தின் முழுச் சிக்கலும் இந்த 600 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஹவாய் மாலுமிகள் தொடுவானத்தை 32 'வீடு'களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீடு என்பது 11¼ டிகிரி. பழைய பொலினீசிய மரபுப்படி ஹவாயில் கட்டிய ஹோக்குலேயா போன்ற இரட்டைத் தோணி, காற்று வரும் வீட்டிலிருந்து ஆறு வீடாவது தள்ளித்தான் ஓடும். அதைவிட நெருங்கிக் காற்றை எதிர்த்து ஏறாது. இனிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வடக்குப் பாதியில் வீசுவது வடகிழக்குக் காற்று. ஆறு வீடு தள்ளினால் தோணி கிழக்கும் தென்கிழக்குமாகப் போகும். தெற்குப் பாதியில் தென்கிழக்குக் காற்று. அதே ஆறு வீடு தள்ளினால் தெற்கும் தென்மேற்குமாகத்தான் போகும். போதாக்குறைக்கு நீரோட்டம் மேற்கே இழுக்கும், தோணியும் பக்கவாட்டில் நழுவும்.

ஆகவே கிழக்கை வடக்குப் பாதியிலேயே சம்பாதித்துவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் அலை தோணியின் முன்முனையில் அறையும், எல்லோரும் நனைந்து நடுங்குவீர்கள். சற்றே தெற்கே திருப்பினால் ஓட்டம் சுகமாக இருக்குமே என்று மனம் கெஞ்சும். இடம் கொடுக்காதீர்கள். அங்கே விட்ட கிழக்கைப் பிறகு மீட்பது பெரும்பாடு.

இரண்டு காற்றுக்கும் நடுவே காற்றடங்கிய பட்டை ஒன்று உண்டு. பாய் துவண்டு தொங்கும், மேகம் மூடும், விண்மீன் தெரியாது. அதைக் கடக்க எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. 1976 மே 1 அன்று மாவி தீவிலிருந்து கிளம்பிய ஹோக்குலேயா, ஜூன் 4 அன்றுதான் தஹீட்டியின் தலைநகரான பப்பீட்டே சேர்ந்தது. வழி நடத்தியவர் மைக்ரோனீசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மவ் பியாய்லுக். அவருக்கே ஐந்து வாரம் ஆயிற்று என்றால் நீங்கள் 45 நாளுக்குக் குறைத்து வைக்கக் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 1,620 லிட்டர், ஒன்றரை டன்னுக்கு மேல். அத்தனையையும் தோணியின் இரண்டு உடல்களின் அடியில் சமமாகப் பரப்புங்கள்.

மாதம் என்று கேட்டால் மே. தென் பசிபிக்கின் புயல் காலம் ஏப்ரலோடு முடிகிறது. ஹவாய்ப் பக்கத்துப் புயல் காலம் ஜூனில் தொடங்குகிறது.

இவ்வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேட்டமரான்' என்ற பெயர் நம் 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து போனது. படகு வேறு என்றாலும் இதிலும் கட்டுதான் உயிர். இரண்டு உடல்களையும் குறுக்குக் கட்டைகளோடு பிணைத்திருப்பது கயிறு. தினமும் காலையில் ஒருவர் ஒவ்வொரு முடிச்சையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தெற்கே வந்திருக்கிறீர்கள் என்பதைத் தெற்குச் சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் சொல்லும். அது நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் மேல் விண்மீனுக்கும் கீழ் விண்மீனுக்கும் உள்ள இடைவெளி ஆறு டிகிரி. ஹவாயில் கீழ் விண்மீன் தொடுவானத்திலிருந்து அதே ஆறு டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கே போகப் போக அது எழும்பும், துருவ நட்சத்திரம் தாழும். கிளம்புவதற்கு முன் ஹீலோவில் கையை நீட்டி அந்த இடைவெளி உங்கள் விரல்களில் எவ்வளவு என்று பழகிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: துணைக் கப்பல் இல்லாமல் போகாதீர்கள். 1978 மார்ச்சில் ஹோக்குலேயா புறப்பட்ட அன்றிரவே கவிழ்ந்தது. உதவி தேடி அலைப்பலகையில் துடுப்பிட்டுப் போன அதன் மாலுமி எடி ஐக்காவு திரும்பவே இல்லை. மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். 1980இல் ஹவாய் மாலுமி நைனோவா தாம்சன் கருவியின்றித் தஹீட்டிக்கு வழி நடத்தியபோது பின்னால் ஒரு கப்பல் வந்தது. அதனால் அவருடைய சாதனை ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

கடைசிக் கட்டத்தில் தஹீட்டியையே குறி வைக்காதீர்கள். அதற்கு வடகிழக்கே துவாமோத்துப் பவளத்தீவுகள் 1,500 கிலோமீட்டர் நீளத்துக்கு வலை விரித்தாற்போல் கிடக்கின்றன. அதில் எந்தத் தீவு கிடைத்தாலும் போதும். 1976இல் ஹோக்குலேயாவுக்கு முதலில் தென்பட்டது இவற்றில் ஒன்றான மத்தாயிவா. வெள்ளை ஆலா என்னும் கடற்பறவை கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரையும், நோயோ என்னும் கரிய ஆலா 60 கிலோமீட்டர் வரையும் மீன் தேடி வரும். மாலையில் அவை தாழப் பறந்து நேராகப் போகும் பக்கம்தான் கரை. ஆனால் உடனே விரட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்தத் தீவுகளில் மலை கிடையாது. பகலிலேயே தென்னந்தலைகள் 15 கிலோமீட்டர் தொலைவில்தான் தெரியும், இரவில் பாறையில் உடையும் அலைச் சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும். பாயை இறக்கிவிட்டு விடியும்வரை காத்திருங்கள்.