டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு: பணம் கட்டும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

மகள் ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப். நீட்டில் பிடிஎஸ் சீட்டுக்குப் போதுமான மார்க் வரவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங்குக்கு அனுப்ப வசதியும் இல்லை, அவளுக்கு விருப்பமும் இல்லை. "பல் சம்பந்தமாகவே ஏதாவது படிக்கட்டுமே, டென்டல் ஹைஜீனிஸ்ட் கோர்ஸில் சேர்க்கலாமா?" இந்தக் கேள்வியோடு வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்துப் பெற்றோர் ரிசல்ட் வந்த வாரத்திலிருந்தே அலைய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சேர்க்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'டென்டல்' என்று ஒட்டியிருப்பதெல்லாம் இந்தப் படிப்பு இல்லை. ஒரே மாதிரி காதில் விழும் மூன்று படிப்புகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

டென்டல் ஹைஜீனிஸ்ட் என்பவர் பல்லில் படிந்த காரையை எடுத்து, சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, வாயை எப்படிப் பராமரிப்பது என்று நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பவர். 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவர்கள் சட்டமே இந்த வேலையை இப்படித்தான் வரையறுக்கிறது. டென்டல் மெக்கானிக் என்பவர் நோயாளியின் வாயில் கை வைப்பதில்லை. லேபில் உட்கார்ந்து பல்செட், கேப், கிளிப் செய்பவர். இந்த இரண்டுமே சட்டத்தில் பெயர் உள்ள தொழில்கள். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. மூன்றாவதான டென்டல் அசிஸ்டென்ட், டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக்கொடுக்கிற வேலை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று சான்றிதழ் தருகிறார்கள். வேலை மரியாதையானதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஹைஜீனிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது. அசிஸ்டென்ட் கோர்ஸுக்கு ஹைஜீனிஸ்ட் என்று பெயர் மாட்டி விற்பது நடக்கிறது. ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அசல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ இரண்டு வருஷம். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். (2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது; கவுன்சிலின் இடத்துக்கு ஆணையம் வருவதற்கான சட்டம் அது. பெயர்ப் பலகை எதுவானாலும் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்.) கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரிகளைத் தேடும்போது பிடிஎஸ், எம்டிஎஸ், மெக்கானிக், ஹைஜீனிஸ்ட் என்று படிப்புவாரியாகத் தேடலாம். ஹைஜீனிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். ஒரு கல்லூரிக்கு பிடிஎஸ் அங்கீகாரம் இருக்கிறது என்பதால் ஹைஜீனிஸ்ட் படிப்புக்கும் இருக்கிறது என்று ஆகாது. இரண்டும் தனித்தனி அனுமதி. "எங்களுடையது பெரிய டென்டல் காலேஜ் சார்" என்று போனில் சொன்னால், "ஹைஜீனிஸ்ட் கோர்ஸுக்கு வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

தகுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து ப்ளஸ் டூ தேறியிருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்த ப்யூர் சயின்ஸ் குரூப்பும் சரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் - மேத்ஸ் குரூப்புக்கு வழியில்லை. நீட் தேவையில்லை. இன்னொன்று: "இதை முடித்துவிட்டு பிடிஎஸ் இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிஎஸ்ஸுக்கு அப்படி ஒரு பக்கவாசல் கிடையாது. மகளுக்கு டாக்டர் ஆசை இன்னும் மனதில் இருந்தால் அதற்கு நீட் ஒன்றுதான் வழி. இந்தப் படிப்பை அதற்குப் படிக்கட்டாக நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

அரசுக் கல்லூரி என்றால் வேலூர்க்காரர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே பிடிஎஸ்ஸோடு ஹைஜீனிஸ்ட், மெக்கானிக் டிப்ளமோக்களும் நடக்கின்றன. காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் பீச் பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் அடுத்த நிறுத்தமே கோட்டை. கல்லூரி அதன் பக்கத்தில்தான். சென்ட்ரல் வரை இரண்டு மணி நேரம் என்பதால் தினமும் போய் வரலாம் என்று தோன்றும். காலை ஓபி நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும், மாலையில் ரெக்கார்டு எழுத வேண்டும். முதல் வருஷமாவது விடுதியில் விடுவது நல்லது.

சேர்க்கை அறிவிப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மருத்துவம் சார்ந்த டிகிரி, டிப்ளமோ, சான்றிதழ் படிப்புகளுக்கு ஒரே நாளில் ஒரே விண்ணப்பம் வருவதில்லை. பிஎஸ்சி நர்சிங், பாராமெடிக்கல் டிகிரிக்கு விண்ணப்பித்தாயிற்று, இதுவும் அதிலேயே அடக்கம் என்று இருந்துவிடுகிறார்கள். டிப்ளமோ அறிவிப்பு தனியாக வந்து, கடைசித் தேதியும் போய்விடுகிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவின் இணையதளத்தை மே மாதத்திலிருந்து வாரம் இருமுறை திறந்து பாருங்கள். விளக்கக் குறிப்பேட்டைத் தரவிறக்கி, படிப்புகளின் பட்டியலில் 'ஹைஜீனிஸ்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

"சிஎம்சியில் கிடைக்குமா?" என்று கேட்காத வேலூர்க்காரர் இல்லை. சிஎம்சி தன் படிப்புகளுக்குத் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. அந்த வருஷக் குறிப்பேட்டில் படிப்பின் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் "உள்ளே ஆள் தெரியும்" என்பவரிடம் கொடுக்கும் பணம் எங்கும் போய்ச் சேராது.

இனி சான்றிதழ்கள். மார்க் இருந்தும் சீட்டு நழுவுவது இங்கேதான். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே போட்டுவிடுங்கள். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாக மனு நகர வேண்டும். மே, ஜூனில் எல்லாப் பிள்ளைகளின் மனுவும் அதே மேசைகளில் குவியும். பழங்குடியினர் என்றால் சான்று தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். நேரில் விசாரணையும் இருக்கும். ஜவ்வாது மலை, பீஞ்சமந்தை பக்கத்துப் பிள்ளைகள் ப்ளஸ் ஒன் படிக்கும்போதே இதை வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

பெயர்ப் பிழையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அதே பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கும். சாதிச் சான்றில் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். ஆன்லைன் விண்ணப்பத்தில் போட்ட பெயரும் சரிபார்ப்பு மேசையில் நீட்டும் காகிதமும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளதைத்தான் மூலமாக வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். ஆதார் திருத்தத்தையும் சாதிச் சான்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். முதலில் ஆதார் சரியாகி வரட்டும், அப்புறம் அதே பெயரில் சான்றுக்கு மனு.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை படித்தவளா? தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்குங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோ படிப்புக்கும் உண்டு. பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைய. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகைக்கு தேசிய உதவித்தொகைத் தளத்தில் மனு போடலாம். அட்டை அம்மா பெயரில் பெட்டியில் கிடக்கும், பிள்ளைக்கு அப்படி ஒரு உதவித்தொகை இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, படிப்பு அவளுக்கு ஒத்துவருமா? மார்க்கை விட இது பெரிய கேள்வி. இந்த வேலையின் நடுநாயகம் ஸ்கேலிங், அதாவது பல்லிலிருந்து காரையை எடுப்பது. அதற்கான கருவியான அல்ட்ராசோனிக் ஸ்கேலரின் முனை வினாடிக்கு இருபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது. கூடவே தண்ணீர் பீய்ச்சுகிறது. இல்லாவிட்டால் முனையும் பல்லும் சூடாகிவிடும். முனையின் கூர்மையான நுனியைப் பல்லில் குத்திப் பிடிக்கக் கூடாது. பக்கவாட்டை, பல்லோடு கிட்டத்தட்ட இணையாக, இறகால் தடவுகிற அழுத்தத்தில் ஓட்ட வேண்டும். புதிதாகப் படிக்க வருபவர்கள் காரை பெயரவில்லையே என்று அழுத்துவார்கள். அழுத்தினால் அதிர்வு அடங்கும், வேலை ஓடாது, வேரின் மேல் கீறல்தான் விழும். இடது கையில் வாய்க் கண்ணாடி, அதில் தெரியும் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்து வலது கை நகர வேண்டும். ஈறு ரத்தம் கசியும், எச்சில் தெறிக்கும், வாடை அடிக்கும். இதற்கெல்லாம் முகம் சுளிக்காத பிள்ளையா என்று பாருங்கள். சேர்வதற்கு முன் தெரிந்த பல் டாக்டரிடம் அனுமதி கேட்டு ஒரு காலை முழுக்க ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது அவள் முகமே பதில் சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். வெற்றிலை, புகையிலைக் கறை ஸ்கேலிங்கில் போகும். ஃப்ளோரைடு அதிகமான போர்த் தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வந்த பழுப்புத் திட்டு போகாது. அது எனாமலுக்கு உள்ளேயே உருவானது. பழைய வட ஆற்காட்டில் இந்தத் தண்ணீர் உள்ள ஊர்கள் உண்டு. "தேய்த்து எடுத்துவிடுங்கள்" என்று வருபவருக்குப் பொறுமையாக விளக்குவதும் ஹைஜீனிஸ்ட் வேலைதான். வாய்விட்டுப் பேச வராத பிள்ளைக்கு இது சிரமம்.

கல்லூரியில் சேர்ந்த மாதமே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. நோயாளி வாயில் கை வைக்கும் நாளுக்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

வேலை நிலவரத்தை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. ஒரு டாக்டர், ஒரு நாற்காலி உள்ள சின்ன கிளினிக்கில் ஸ்கேலிங்கை டாக்டரே செய்துகொள்வார். அங்கே தேடுவது அசிஸ்டென்ட்டைத்தான். ஹைஜீனிஸ்ட்டுக்கு இடம் உள்ளது பெரிய ஆஸ்பத்திரிகள், பல் மருத்துவக் கல்லூரிகள், நான்கைந்து நாற்காலி போட்ட நகரத்து கிளினிக்குகளில். மத்திய அரசு வேலை உண்டு, ஆனால் சொற்பம். ரயில்வே தேர்வு வாரியத்தின் 2024 பாராமெடிக்கல் அறிவிப்பில் மொத்தம் 1,376 இடங்கள். அதில் டென்டல் ஹைஜீனிஸ்ட் 3. அந்த மூன்றுக்கும் டிப்ளமோ மட்டும் போதவில்லை. உயிரியலில் பிஎஸ்சி பட்டம், பல் மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் இரண்டு வருஷப் படிப்பு, அதற்கு மேல் இரண்டு வருஷ அனுபவம் என மூன்றும் கேட்டார்கள். ஆகவே அரசு வேலையை மட்டும் நம்பி இதில் சேர்ப்பதானால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "இங்கே ஹைஜீனிஸ்ட்டுக்கு நல்ல சம்பளம்" என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே உரிமம் வாங்க, பொதுவாக அந்த நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து, அவர்களுடைய தேசியத் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். இங்கே வாங்கிய டிப்ளமோவை நீட்டினால் நடக்காது. வளைகுடா நாடுகள் வேறு மாதிரி. சவூதி போன்ற இடங்களில் உங்கள் சான்றிதழ் உண்மையா என்று டேட்டாஃப்ளோ நிறுவனம் மூலம் கல்லூரிக்கே எழுதிக் கேட்பார்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரி என்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

தனியார் கல்லூரிக்குப் போவதாக முடிவானால், கட்டணத்தை ஒரே தொகையாக வாயால் சொல்ல விடாதீர்கள். டியூஷன், லேப், தேர்வு, விடுதி, கருவிப் பெட்டி, ஏப்ரன் என்று இரண்டு வருஷத்துக்கும் பிரித்து லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்த கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கல்வி நிறுவனங்கள் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. பிடித்து வைத்துவிட்டால், வேறிடத்தில் நல்ல சீட்டு வரும்போது பாக்கிக் கட்டணத்தைக் கட்டினால்தான் மார்க் ஷீட் என்பார்கள்.

கடைசியாக, அலுவலகத்தில் ஃபீஸ் பேசி முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். இரண்டாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் தனியாகக் கேளுங்கள்: இதுவரை உங்கள் கையால் எத்தனை பேருக்கு ஸ்கேலிங் செய்தீர்கள்? போன வருஷம் முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் வந்துவிட்டதா? பிறகு ஓபிக்குள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். காலை பத்தரை மணிக்கு நாற்காலிகள் காலியாக இருந்தால், அடுத்த ரயிலுக்கு ஸ்டேஷன் கிளம்பிவிடலாம்.