கறிக்கோழி எலும்பு நாய்க்கு வேண்டாம்

கேள்வி: மட்டக்குளியில் வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்க்கிறேன். காவலுக்கு ஒரு நாய் நிற்கிறது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மிஞ்சும் கோழி எலும்பைத்தான் இரவில் போடுவேன். நேற்றிலிருந்து மலம் போக முக்குகிறது. வந்த கொஞ்சமும் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக உதிர்கிறது. தேங்காயெண்ணெய் பருக்கலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம் ஐயா. திமிறும் நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்கவும் பார்க்காதீர்கள், கூரான துண்டு இருந்தால் திரும்பி வரும்போது தொண்டையைக் கிழிக்கும். இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எலும்பு தின்றதை முதலிலேயே சொல்லுங்கள், எக்ஸ்ரே எடுக்க அது உதவும். அந்த வெள்ளை, செரிக்காத எலும்புத்தூள். பெருங்குடலின் கடைசியில் இறுகிக் கிடக்கலாம். சில நாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். ஆசனவாயில் துண்டு தெரிந்தாலும் நீங்கள் இழுக்க வேண்டாம். வாந்தி, இரத்தம், தொட்டால் வலிக்கும் வயிறு, இதில் ஒன்று கண்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கறியில் வெந்த கோழிக்கால் எலும்பு ஒன்றை முறித்துப் பாருங்கள். நெடுகப் பிளந்து, முனை ஊசிபோல நிற்கும். எலும்புக்கு வளைவு தருவது அதிலுள்ள கொலாஜன் என்ற புரதமும் ஈரமும். சூட்டில் இரண்டும் குறைந்து எலும்பு நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பொரித்ததும் சுட்டதும் இன்னும் மோசம். அந்த முனை தொண்டையில் குத்தலாம், குடலில் ஓட்டை போடலாம். ஓட்டை விழுந்தால் வயிற்றுக்குள் கிருமி பரவி உயிரே போகும்.

"தெருநாய்கள் தின்கின்றனவே" என்று எல்லோரும் சொல்வார்கள். அவற்றில் எது எங்கே சுருண்டு செத்தது என்று யார் வயிற்றைக் கிழித்துப் பார்த்தோம்?

சரி, பச்சை எலும்பு போடலாமா? அதிலும் பல் உடையலாம், சல்மனெல்லா கிருமியும் இருக்கலாம். நீங்கள் ஆடு வளர்ப்பதால் இன்னொன்று: அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடவே கூடாது. அதில் இளம் புழுக்கள் அடங்கிய நீர்க்கட்டி இருந்தால், அவை நாயின் குடலில் நாடாப்புழுவாகும். அந்தப் புழுவின் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி உங்கள் ஆட்டுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

நாய் தேறிய பிறகு சோற்றோடு அவித்த பூசணியும், எலும்பு நீக்கிய கோழி இறைச்சியோ முள் எடுத்த மீனோ பிசைந்து வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்க வேண்டாம். கடைக்காரரிடம் எலும்பில்லாத மிச்சத்தைக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் கட்டாயம் இருக்கும்.