கோடு ஓரிடம், கால் ஓரிடம்: மலைப்பாதையில் எதை நம்புவது?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கினோம். போன் மேப்பில் இருந்த கோடு நாங்கள் நடந்த பாதையில் இருந்து அறுபது, எழுபது மீட்டர் தள்ளியே இருந்தது. இறங்கி முடித்தபோது மேப் சொன்னதைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடந்ததாகக் காட்டியது. தப்பு மேப்பிலா, ஜிபிஎஸ்ஸிலா, எங்கள் மேலா?

பதில்: ஊர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அதனால் உங்கள் மேல் தப்பு இல்லை. மற்ற இரண்டில் எது என்பதை நின்ற இடத்திலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் நீலப்புள்ளியைச் சோதியுங்கள். திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். ஆனால் அந்தச் சரிவில் ஒரு பக்கத்து மலை பாதி வானத்தை மறைக்கிறது, தலைக்கு மேல் மரங்கள், சிக்னல் வேறு பாறையில் பட்டுச் சுற்றி வருகிறது, அதனால் இருபது முப்பது மீட்டர் பிசகுவது அங்கே சாதாரணம். மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீங்கள் நிற்கும்போதே புள்ளி ஊர்ந்து திரிந்தால் அதை நம்பாதீர்கள்.

புள்ளி அடங்கி நிற்கிறது, கோடு மட்டும் தள்ளியிருக்கிறதா? அப்போது இடைவெளி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கிலோமீட்டர் கணக்கில் நடந்தும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு என்றால் கோடுதான் நகர்ந்திருக்கிறது. பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை வைத்து வரைந்தவை, ஜிபிஎஸ்ஸுக்கு டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் நம் பக்கம் நூறு மீட்டருக்கு மேலேயே விலகும். (2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுத் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை.) யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வேறு கதை. யாரோ வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்திருப்பார், மலைச்சரிவில் அந்தப் படமே விலகியிருக்கும், மரத்துக்கு அடியில் ஓடும் பாதையோ படத்தில் தெரியவே தெரியாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கோடும் இப்படி நகர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இடைவெளி போகப்போக விரிந்தால்தான் பயப்பட வேண்டும். நீங்கள் வேறு தடத்தில் ஏறிவிட்டீர்கள், அல்லது மண் சரிந்து ஊர்க்காரர்கள் புதுவழி போட்டிருக்கிறார்கள். இங்கே கோட்டைவிட உயரம் நன்றாகக் கைகொடுக்கும். பாதைக் கோடு மேப்பில் உள்ள சம உயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) வெட்டிக்கொண்டு இறங்குகிறது, நீங்கள் அரைமணியாக ஒரே மட்டத்தில் நடக்கிறீர்கள் என்றால் திரும்பிவிடுங்கள். கோட்டைப் பிடிக்கிறேன் என்று சரிவில் குறுக்கே மட்டும் பாய வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்து, நாற்பது மீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் முள்ளுக்குள் கிடந்தேன்.

காட்டுமாட்டுத் தடமும் மனிதப் பாதை மாதிரியே அகலமாக, தேய்ந்து இருக்கும். கீழே பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், மேலே பாருங்கள். மாடு நெஞ்சால் தள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் உங்கள் முகத்தில் கிளை இடித்துக்கொண்டே வரும். ஆட்கள் நடக்கும் பாதையில் தலை உயரத்துக்குக் கிளை வெட்டியிருக்கும், வெட்டுவாய் அரிவாள் பட்ட மாதிரிச் சாய்வாக இருக்கும். வெள்ளகவிப் பக்கம் சாமான் குதிரையில் போகிறது, அதனால் குதிரைக் குளம்புத்தடமும் குதிரைச் சாணமும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்த இரண்டு கிலோமீட்டர்? பெரும்பாலும் வளைவுகள். வரைந்தவர் பத்து கொண்டை ஊசி வளைவை ஒரே இழுப்பில் நேராக்கியிருப்பார். மீதியை நீங்கள் உட்கார்ந்து சோறு சாப்பிட்டபோது ஊர்ந்த புள்ளி சேர்த்திருக்கும், ஓய்வெடுக்கும்போது பதிவை நிறுத்தி வையுங்கள்.

அடுத்த முறை கிளம்பும் முன்பு நான்கைந்து பேர் நடந்த தடத்தின் ஜிபிஎஸ் பதிவுகளை (ஜிபிஎக்ஸ் கோப்புகள்) ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். நூல் பிரிந்த கயிறு மாதிரி கொஞ்சம் சிதறி ஓடினால் நல்லது, நடுவில் பாதை இருக்கும். எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் எல்லோரும் நடந்தவர்கள் இல்லை, ஒருவரிடமிருந்து மற்றவர்கள் காப்பி அடித்திருக்கிறார்கள்.

உங்கள் பதிவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள், ஆனால் ஒரே நடையை வைத்துப் பழைய கோட்டை அழித்துவிடாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாத தடம் என்றால் வரையவே வேண்டாம், அடுத்த ஆள் அதைப் பாதை என்று நம்பி இறங்கிவிடுவார்.